புயலும் பழவினையும்

(கார்த்திகைப் பௌர்ணமி அறவுரை)



மும்மணிகளைச் சரணடைந்து, ஐந்து சீலங்களையும் ஏற்று, இப்பௌர்ணமி நன்னாளில் அறங்கேட்க அமர்ந்திருக்கின்றீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் காற்றும் மழையும் ஆகும். அறங்கேட்க வந்த இடத்தில் வானிலை பேசுவானேன் என்று நீங்கள் ஐயுறலாம். முன்னொரு கார்த்திகையில் அடித்த புயல் நம் வாயிலிருந்து ஒரு தவறான சொல்லை வெளிக்கொணர்ந்தது. அச்சொல்லை நம் சகோதரி ஒருவர் திருத்தினார். அத்திருத்தம் நம் கூட்டத்தார் அனைவர்க்கும் பயன்படுவதாகலின், நம் பிழையை மறையாது உரைப்பதே கடமை எனக் கொண்டோம்.

2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், வியாழக்கிழமை. நாம் அக்காலத்தில் கொச்சியை அடுத்த களமசேரியில் வாழ்ந்துவந்தோம். களமசேரி கடற்கரையை ஒட்டிய ஊரன்று. பெரியாற்றுக்கு அண்மையில், தொழிற்சாலைகளும் பல்கலைக்கழகமும் சூழ அமைந்த ஊர். பிழைப்புத் தேடித் தமிழகத்திலிருந்து சென்றோர் பலர் அவ்வட்டாரத்தில் வாடகைக்குக் குடியிருந்தனர். ஐப்பசி கார்த்திகை மழையை அந்நாட்டார் துலாவர்ஷம் என்பர். நண்பகலுக்குப்பின் இடியுடன் வந்து, சில நாழிகை பெய்து, ஓய்ந்துபோவது அதன் இயல்பு. அன்று வந்தது அவ்வியல்பினதாக இல்லை.

காலை முதலே வானம் கறுத்திருந்தது. மழை விட்டபாடில்லை. பொழுது சாய்ந்தபின் காற்று எழுந்தது. அது ஒரே சீராக வீசவில்லை. சிறிது நேரம் மூச்சை அடக்கினாற்போல் ஓய்ந்திருக்கும். பின்பு மழையையும் வாரிக்கொண்டு ஒரு சூறை வந்து சுவரில் மோதும். தென்னைகள் ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றன. கிளையொன்று முறிந்து மின்கம்பியின்மீது விழ, தெரு முழுதும் இருண்டது. அடுத்த வீட்டுக் கூரைத் தகரம் ஒரு மூலையில் ஆணி பெயர்ந்து, ஒவ்வொரு சூறைக்கும் பறை அறைவதுபோல் அடித்துக்கொண்டது. நள்ளிரவுக்குமுன் அது பறந்தே போயிற்று. அவ்வீட்டார் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நம் அறைக்கு வந்தனர். ஓர் அறையில் பதினொருவர், ஒழுகும் இடத்தில் ஓர் அண்டா, நடுவே ஒரு மெழுகுவத்தி; இவ்வாறு அவ்விரவு கழிந்தது. அப்போது சிறுவன் ஒருவன், “மாமா, காற்றுக்கு நம்மேல் என்ன கோபம்?” என்று கேட்டான். “காற்றுக்குக் கோபம் கிடையாது, தூங்கப்பா” என்று விடை சொன்னோம். சொன்ன விடை சரியானதே. ஆயினும் மூன்று நாள் கழித்து அவ்விடையை நாமே மறந்தோம்.

ஒக்கி வந்த வழி

களமசேரியில் நம்மேல் பட்டது புயலின் முந்தானை ஓரம் மட்டுமே. புயலோ கடலில் இருந்தது. அதற்கு ஒக்கி என்று பெயர். வங்கதேசம் கொடுத்த பெயர் அது; வங்காள மொழியில் ‘கண்’ என்று பொருள்படும். நவம்பர் 29-ஆம் நாள் இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகத் தோன்றி, ஏறத்தாழ ஒரே நாளில் குமரிக்கடலில் புயலாக வலுத்தது. குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்களும் வாழைத் தோட்டங்களும் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருண்டு கிடந்தன. டிசம்பர்த் தொடக்கத்தில் அது லட்சத்தீவை வருத்தியது. அரபிக்கடலில் மேலும் வலுப்பெற்று மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. பின்பு வடக்கே திரும்பி, டிசம்பர் 5-ஆம் நாள் இரவு குஜராத் கரையை அணுகுகையில் வலுவிழந்து அடங்கிற்று.

புயல் எவ்வாறு உண்டாகின்றது? கடல்நீர் வெதும்பி, ஏறத்தாழ 27 பாகை வெப்பத்தையும் மிஞ்சும்போது ஈரக்காற்று மேலே எழுகின்றது. எழுந்த ஈரம் குளிர்ந்து முகிலாகும்போது தன்னுள் அடங்கிய வெப்பத்தை வெளிவிடுகின்றது. அவ்வெப்பத்தால் காற்று இன்னும் மேலே எழ, அடியில் அழுத்தம் குறைகின்றது. குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றுப்புறக் காற்று விரைகின்றது. பூமி சுழல்வதால் அக்காற்று நேரே வந்து சேராமல் வளைந்து சுழல்கின்றது. இஃது இருப்பதால் அது உண்டாகிறது. இஃது இல்லாதொழிய அதுவும் ஒழிகிறது. சார்பில் தோற்றம் எனப் பகவான் புத்தர் அருளிய நியதியைக் கண்ணாற் காண விரும்புவோர் ஒரு புயலைக் கண்டாற் போதும்.

களமசேரிப் பல்கலைக்கழக வளாகத்திலேயே, அவ்வாண்டு ஜூலையில் திறக்கப்பட்ட ரேடார் நிலையம் ஒன்று உண்டு. நிலத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உயரம்வரை காற்றின் திசையையும் வேகத்தையும் அளக்கவல்லது அது. நாம் பதினொருவர் அண்டாவைச் சுற்றி அமர்ந்திருந்த இடத்திலிருந்து அந்நிலையம் நெடுந்தொலைவன்று. அக்கருவி காற்றில் திசையைக் காணும்; வேகத்தைக் காணும். சினத்தையோ பழிவாங்கும் எண்ணத்தையோ அது கண்டதில்லை. காணவும் முடியாது.

கடலில் இருந்தவர்கள்

புயல் வலுத்து எச்சரிக்கை பரவியபோது, படகுகள் பல ஏற்கெனவே கடலில் இருந்தன. குமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என எட்டு மீனவர் ஊர்கள் உள்ளன. இவ்வூரார் ஆழ்கடல் மீன்பிடிப்பில் பேர்பெற்றவர்கள். அவர்களுள் பலர் மட்டாஞ்சேரிக்கு அண்மையிலுள்ள தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திலிருந்தே கடலுக்குச் செல்வர். சென்றால் பல நாள் கரை திரும்பார். நடுக்கடலில் இருப்பவர்க்குக் கரையின் கைப்பேசி எட்டாது. சிலர் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு மிதந்து மீண்டனர். தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், அல்லது திரும்பவேயில்லை. டிசம்பர் 7-ஆம் நாள் குழித்துறை இரயில் நிலையத்தில் தண்டவாளத்தின்மேல் ஆயிரக்கணக்கில் மக்கள் அமர்ந்து, காணாமற்போனோரைத் தேடுங்கள் என்று முறையிட்டதை நாடே கண்டது. உடல் கிடைத்த வீட்டில் ஒருமுறை அழுகை. கிடைக்காத வீட்டில் கதவு தட்டப்படும்போதெல்லாம் அழுகை.

நாம் சொன்ன சொல்

டிசம்பர் 3-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. அசோக மாமன்னரின் திருமகளார் சங்கமித்திரைத் தேரியார் போதிக் கிளையுடன் கடல்கடந்து இலங்கை சேர்ந்ததை நினைவுகூரும் நாள் அது. வழக்கம்போல் நம் இல்லத்தில் பத்துப் பன்னிருவர் கூடினோம். கொச்சிக்குத் தெற்கே செல்லானம் கடற்கரையில் கடல் வீடுகளுக்குள் புகுந்திருந்தது. மக்கள் முகாம்களில் இருந்தனர். மட்டாஞ்சேரிப் பக்கத்திலிருந்து வந்த சகோதரி ஒருவர் பழந்துணிகளும் அரிசியும் திரட்டி அங்கே கொடுத்துவிட்டு நேரே கூட்டத்திற்கு வந்திருந்தார். புடவை ஓரத்தில் சேறு காயவில்லை. அவர் நம்மை நோக்கி, “ஐயா, கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்று ஒருத்தி மணலில் உருண்டு அழுகிறாள். கைக்குழந்தை வேறு. இவளுக்கு ஏன் இப்படி நேர வேண்டும்?” என்று கேட்டார்.

நாம் சற்றும் எண்ணிப் பாராமல், “எல்லாம் அவரவர் பழவினை, அம்மா. வந்த வினை அனுபவித்தன்றித் தீருமோ?” என்றோம்.

கூட்டம் தலையசைத்தது. அச்சகோதரி தலையசைக்கவில்லை. சிறிது நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு இவ்வாறு கூறினார்: “ஐயா, எங்கள் பாட்டனாரைக் கோயில் தெருவில் நடக்கவிடாமல் தடுத்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள். போன பிறவியில் பாவம் செய்தாய், அதனால் இந்தப் பிறவியில் சேரியில் பிறந்தாய் என்றார்கள். அந்தச் சொல்லை இனிக் கேட்கமாட்டோம் என்றுதானே நாங்கள் பஞ்சசீலம் ஏற்றோம்? எங்களுக்குப் பொய்யான சொல், அந்த மீனவப் பெண்ணுக்கு மட்டும் எப்படி மெய்யாகும்?”

நாம் வாயடைத்துப்போனோம். மதம் மாறியபின்னும் பழைய வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான் ஒன்று நம் நெஞ்சறையின் மூலையில் கிடந்திருக்கின்றது. அதனை நாமே எடுத்துவந்து பகவானின் திருவுருவின்முன் வைத்துவிட்டோம்! அன்றிரவே திரிபிடகத்தில் இதுபற்றிக் கூறப்பட்ட இடங்களை மீண்டும் தேடிப் படித்தோம். கண்டவற்றை உங்கள்முன் வைக்கின்றோம்.

பகவான் கூறியது யாது?

பகவான் இராசகிருகத்து வேணுவனத்தில் எழுந்தருளியிருந்தபோது சீவகன் எனும் பரிவிராசகன் அவரை அணுகி, மனிதர் நுகரும் இன்பதுன்பம் அனைத்தும் முன்செய்த வினையின் பயனே என்று சிலர் கூறுகின்றனரே, தாங்கள் யாது கூறுவீர்கள் என்று வினவினான். இது சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. பகவான் அக்கொள்கையை ஏற்கவில்லை. துன்பவுணர்வு எண்வகைக் காரணங்களால் தோன்றும் என்று விரித்துரைத்தார். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், உடலைப் பேணாத ஒழுக்கம், பிறரால் அல்லது எதிர்பாராது நேரும் தாக்குதல், வினைப்பயன் என்பன அவ்வெட்டு. எட்டனுள் ஒன்றே வினைப்பயன். அவ்வொன்றையே எட்டாகக் கொள்வோர் தாம் அறிந்ததையும், உலகம் உண்மையென ஏற்றதையும் மீறிச் செல்கின்றனர் என்று பகவான் தெளிவுறுத்தினார். பருவ மாறுதல் அங்கே தனியே எண்ணப்பட்டிருத்தலை நோக்குங்கள். புயல் வேறெதில் அடங்கும்?

அங்குத்தர நிகாயத்தில் இன்னும் கடுமையாகவே இது மறுக்கப்படுகின்றது. யாவும் முன்வினை என்பது, யாவும் இறைவன் செயல் என்பது, யாவும் காரணமின்றி நிகழ்வது என்பது ஆகிய மூன்று கொள்கைகளையும் பகவான் ஒரே வரிசையில் நிறுத்தி, இவற்றைப் பற்றியவர்க்கு இதைச் செய்யவேண்டும், இதைத் தவிர்க்கவேண்டும் என்னும் முனைப்பே இல்லாதொழியும் என்று காட்டினார். ஆம், மீனவன் மடிவது பழவினையாயின் எச்சரிக்கை எதற்கு? தேடும் கப்பல் எதற்கு? அரிசி திரட்டிய அச்சகோதரியின் உழைப்புத்தான் எதற்கு?

பின்வந்த உரையாசிரியத் தேரர்கள் உலகியக்கத்தை ஐந்து நியமங்களாக வகுத்தனர். பருவ நியமம், வித்து நியமம், கன்ம நியமம், சித்த நியமம், தம்ம நியமம் என்பன அவை. காற்றும் மழையும் வெயிலும் பருவ நியமத்தின்பாற் பட்டவை. நெல்லிலிருந்து நெல்லே முளைப்பது வித்து நியமம். நன்மை தீமை எனும் செயல்களும் அவற்றின் விளைவும் கன்ம நியமம். ஒரு நியமத்தின் வேலையை மற்றொன்றின் தலையில் ஏற்றுதல் கணக்கறியாதவன் செயல்.

பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள், தாம் மறைந்த மறு ஆண்டு, 1957-இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ எனும் நூலில் பருவ நியமத்தையும் கன்ம நியமத்தையும் பிரித்துக் காட்டியதோடு, ஏழையின் தாழ்நிலைக்கு அவன் முற்பிறவியே பொறுப்பெனக் கூறுதல், சமூகமும் அரசும் தம் பொறுப்பினின்று நழுவுதற்கே துணைசெய்யும் என்றும் எடுத்துரைத்தார். இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வருகின்றது. அதே ஒக்கியின் கடைசி மழை மும்பையில் பெய்தது. டிசம்பர் 6 பாபாசாகேபின் பரிநிர்வாண நாள். அதன்பொருட்டுத் தாதர் சைத்திய பூமிக்கு வந்த மக்கள் மழையில் நனைந்தனர். அவர்கள் தங்கும் சிவாஜி பூங்கா சேறாயிற்று. மாநகராட்சிப் பள்ளிகளைத் திறந்து அவர்களுக்கு இடம் அளித்தனர். குமரிக்கடலில் மீனவரை வீழ்த்திய புயலே தாதரில் நம்மவரை நனைத்தது. யார் எந்த வினையினர் என்று அது எவரிடமும் கேட்கவில்லை.

அங்ஙனமாயின் கன்மம் என்பதே இல்லையோ என்பீராயின், உண்டு. எண்ணித் துணியும் எண்ணமே கன்மம் என்பது பகவானின் வாக்கின் கருத்து. இன்று நாம் எண்ணுவதும் சொல்வதும் செய்வதும் நாளை நம்மை ஆக்கும். ஆகவே கன்மம் என்பது நம் கையை நாமே பார்த்துக்கொள்வதற்கு உரியது. அயலான் நெற்றியில் எழுதுவதற்கு உரியதன்று. வினைப்பயனின் போக்கை எண்ணி அளவிடல் ஆகாது என்று பகவானே விலக்கியிருக்கின்றார். புத்தர்க்கன்றி அளக்கவொண்ணாத ஒன்றை, ஒழுகும் அறையில் அமர்ந்திருந்த நாம் ஒரு நொடியில் அளந்து, ஓர் ஏழை விதவையின் கணக்கைத் தீர்த்துவிட்டோமே! அன்று அவ்வறையில் தீவினை செய்தவர் யாரேனும் உண்டென்றால் அது நாமே.

படாசாரை நனைந்த மழை

துன்புற்றோரிடம் எவ்வாறு பேசவேண்டும் என்பதற்குப் படாசாரையின் வரலாறு சான்று. தம்மபத உரையிலும் தேரிகாதை உரையிலும் இது வருகின்றது. சாவத்தி நகரத்துச் செல்வர் மகள் அவள். பணியாள் ஒருவனை விரும்பி மணந்து வெளியூர் சென்றாள். இரண்டாம் பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு நோக்கி வரும் வழியில் பருவமில்லாப் பெருமழை பிடித்துக்கொண்டது. மறைப்புக் கட்டக் கழி வெட்டப்போன கணவனைப் பாம்பு தீண்டிற்று. அவன் மாண்டது தெரியாமல், இருளில் ஈன்ற மகவையும் மூத்தவனையும் தன் உடலின்கீழ் வைத்து, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தானே கூரையாகி அவ்விரவைக் கழித்தாள். விடிந்ததும் கணவனின் உடலைக் கண்டாள். பெருக்கெடுத்த அசிரவதி ஆற்றைக் கடக்கையில் பச்சிளங்குழந்தையைப் பருந்து கொண்டுபோயிற்று. பருந்தை விரட்ட அவள் கையுயர்த்திக் கூவியதைத் தன்னை அழைப்பதாகக் கருதி மூத்தவன் நீரில் இறங்கி மறைந்தான். ஊரை அடையுமுன், அம்மழையிலேயே வீடு இடிந்து தாயும் தந்தையும் உடன்பிறந்தானும் மாண்டனர் என்ற செய்தி வந்தது. அவள் மனம் பேதலித்தாள். ஆடை நழுவியதும் அறியாது திரிந்தாள், சிறுவர் கல்லெறிந்தனர்.

அவள் சேதவனம் வந்தபோது, இவளை உள்ளே விடாதீர் என்று கூட்டத்தார் தடுத்தனர். பகவான் தடுக்கவேண்டா என்றார். அவளை நோக்கி, சகோதரியென விளித்து, நினைவைத் திரும்பப் பெறுக என்றார். ஒருவர் தம் மேலாடையை அவள்மீது இட்டார். முதலில் நிழல், பின்பு ஆடை, பின்பு நினைவு, அதன்பின்னரே அறவுரை! வந்தவளிடம் அவள் வினைக்கணக்கைப் பகவான் விரிக்கவில்லை. பிறவிதோறும் மாந்தர் சிந்திய கண்ணீர் நாற்கடல் நீரினும் மிகுதி என்று கூறி, அவள் துன்பத்தை உலகத் துன்பத்தோடு சேர்த்தார். அவள் தனித்தவள் அல்லள் என்பதை உணர்த்தினார். பின்னாளில் பிக்குணியான அவள், கால் கழுவிய நீர் சிறிது தொலைவும், இன்னும் சிறிது தொலைவும், அதற்கப்பாலும் ஓடி மண்ணில் மறைவதைக் கண்டு நிலையாமை தெளிந்து விடுதலை எய்தினாள். அனைத்தையும் கொண்டுபோன நீரே அவளுக்கு ஆசானாயிற்று.

உறங்கிய காவலும் ஓயாத கைகளும்

இனி மகாசனக சாதகத்தைக் கேளுங்கள். சுவர்ணபூமி நோக்கிச் சென்ற கப்பல் நடுக்கடலில் உடைந்தது. உடன் சென்றோர் அழுது தத்தம் தேவர்களை வேண்டினர். போதிசத்துவராகிய சனகரோ அழவில்லை. நெய்யும் சர்க்கரையும் வயிறார உண்டார். ஆடையை எண்ணெயில் தோய்த்து இறுக உடுத்தார். பாய்மரத்தின் உச்சிக்கு ஏறினார். அங்கிருந்து அப்பாற் குதித்து நீந்தினார். ஏழு நாள் நீந்தினார். இடையே பௌர்ணமி வர, உப்புநீரில் வாய் கொப்புளித்து உபோசதமும் காத்தார்.

கடலைக் காக்குமாறு உலகபாலரால் நியமிக்கப்பட்டவள் மணிமேகலா தெய்வம். நம் மணிமேகலைக் காப்பியத் தலைவிக்குப் பெயர் தந்தவள் அவளே. கோவலனின் முன்னோன் ஒருவனைக் கடலிலிருந்து காத்தமையால் அவள் பெயரை மகளுக்கு இட்டதாகச் சிலப்பதிகாரம் கூறும். அத்தகைய தெய்வம் அவ்வேழு நாளும் விண்ணுலக இன்பத்தில் மூழ்கிக் கடலை நோக்க மறந்திருந்தாள்! ஏழாம் நாள் நினைவு வந்து விரைந்தாள். கரை தெரியாத கடலில் எதற்காகக் கை ஓயாது நீந்துகின்றாய் என்று அவள் வினவ, முயன்று மடிபவன் சுற்றத்தார்க்கும் தேவர்க்கும் கடன்படுவதில்லை என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். அவளே அவரை எடுத்துக் கரை சேர்த்தாள்.

இக்கதையில் இரண்டு பாடங்கள் உள. நீரில் விழுந்தவனுக்கு முயற்சி. கரையில் நிற்பவனுக்கு விழிப்பு. முன்னதைப் பாலியில் வீரியம் என்பர். பின்னதை அப்பமாதம் என்பர். தமிழில் பொச்சாவாமை என்னும் அழகிய சொல் அதற்கு உண்டு. பகவான் பரிநிர்வாணத்தின்போது இறுதியாக வற்புறுத்தியதும் அதனையே. ஒக்கியின்போது நீரில் விழுந்தோர் தம் கடமையைச் செய்தனர். கை ஓயும்வரை நீந்தினர். கரையில் இருந்த உலகமே விழிப்பில் பிந்திற்று. இதனைப் பழவினை என்று பெயரிட்டு மூடிவிட்டால், மறந்த காவல் மறந்ததாகவே இருக்கும். மூடாமல் கேட்டமையால்தான் ஆழ்கடலுக்கும் எட்டும் செயற்கைக்கோள்வழி எச்சரிக்கைக் கருவிகள் பேச்சாகிப் பின் செயலாயின. செல்லானத்திலும் மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தனர். 2022-இல் வேலை தொடங்கி, டெட்ராபாட் எனும் நாற்கால் கற்காரைக் கட்டைகளால் கடற்கரையின் ஒரு பகுதியில் சுவர் எழுந்தது. அச்சுவரை எழுப்பியது மனிதர் முயற்சி.

நாம் செய்யத்தக்கவை

அன்பர்களே! இவ்வாண்டும் கார்த்திகை வந்துவிட்டது. கடல் வெதும்புகின்றது, காற்று எழும். காற்றை நிறுத்த நம்மால் இயலாது. இயல்வன சில உண்டு.

முதலாவது, நாவடக்கம். துன்புற்றவர் வீட்டு வாசலில் வினை, விதி, சாபம் எனும் சொற்களை எடாதிருத்தல். மீனவர் சமயம் வேறாயினும் கண்ணீர் வேறன்று. பொய்யாமை எனும் சீலம், அறியாததை அறிந்ததுபோல் உரையாமையையும் அடக்கும்.

இரண்டாவது, விழிப்பு. வானிலை எச்சரிக்கை வந்தால் கேட்டு, அயல்வீட்டு முதியோர்க்கும், எழுத்தறியாதோர்க்கும், வெளியூர்த் தொழிலாளர்க்கும் அதனைச் சொல்லிவிடுதல். மணிமேகலா தெய்வம் மறந்த ஏழு நாளை நாம் மறக்கலாகாது.

மூன்றாவது, கதவைத் திறத்தல். கூரை பறந்தவன் எக்குலத்தான் என்று கேளாமல் அறையில் இடம் கொடுத்தல். அன்று பதினொருவர் அமர்ந்த அறையில் எவரும் எவர் தொட்ட தண்ணீரையும் மறுக்கவில்லை. ஊர் முழுதும் ஒவ்வொரு நாளும் அவ்வாறே இருக்குமாயின் அதுவே தம்மராச்சியம்.

நான்காவது, மனக்கூரையைச் செப்பனிடுதல். நன்கு வேயாத வீட்டில் மழை புகுவதுபோல், பழக்கப்படுத்தாத மனத்தில் ஆசை புகும் என்பது தம்மபதம் தன் முதல் அதிகாரத்திலேயே காட்டும் உவமை. ஆசையோடு பழைய மூடநம்பிக்கையும் அவ்வாறே புகும். நாம் ஆண்டுகள் பல தம்மம் பேசியவர்கள். எனினும் நம் கூரையில் ஓர் ஓட்டை இருந்தது. அது மழைக்காலத்தில்தான் தெரிந்தது. எவர் சுட்டிக்காட்டினாலும் நன்றியோடு ஏற்று அடைத்துக்கொள்வதே அறிவுடைமை.

அச்சகோதரியிடம் அன்றே மன்னிப்பு வேண்டினோம். அவர், “எனக்கு எதற்கு ஐயா? அடுத்த ஞாயிறு செல்லானத்துக்கு வாருங்கள்” என்றார். சென்றோம். கைக்குழந்தையுடன் அழுதிருந்த அப்பெண்ணின் அருகே அமர்ந்தோம். சொல்வதற்கு நம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. குழந்தையைச் சற்று நேரம் வாங்கி வைத்துக்கொண்டோம். அவள் அந்நேரத்தில் கஞ்சி குடித்தாள். பல ஆண்டுகள் நாம் நிகழ்த்திய அறவுரைகளுள் அவ்வரை மணி நேரமே சிறந்ததென்று இன்றும் எண்ணுகின்றோம்.

இந்நாளில் நாம் ஈட்டிய புண்ணியம் கடலில் மறைந்தவர்க்கும் அவர்தம் வழிபார்த்திருப்போர்க்கும் சேர்வதாக. நீரில் இருப்போரும் நிலத்தில் இருப்போரும் அச்சமின்றி வாழ்வாராக. எல்லா உயிர்களும் நலமுறுக.